உள்பூச்சு

மார்ச் 4, செவ்வாய்

காலை 5.40 – டீ.
9.00 – டீ, இரண்டு பிஸ்கட்.
1.15 – சோறு, நாலு வாய். அதற்கு மேல் இறங்கவில்லை. வயிறு நிறைந்துவிட்டது போல் இருந்தது.
4.00 – டீ.
7.30 – ரொட்டி ஒன்று.

வலி: எழுந்ததும், பதினொரு மணிக்கு, மாலையில். நெஞ்சுக்குழிக்குக் கீழே, ஒரு கை அகலத்துக்கு. அதை எரிச்சல் என்று எழுதுவதா, வலி என்று எழுதுவதா, தெரியவில்லை.

தெருமுனை டாக்டர் இப்படி எழுதச் சொன்னார். என்ன சாப்பிட்டேன், எப்போது வலித்தது, இரண்டு வாரத்துக்கு. வாயுத்தொல்லையாக இருக்கும் என்று வெள்ளையாக ஒரு மருந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டிலைத் திருப்பி அடியைப் பார்த்தேன். நான் வேலை பார்க்கும் கண்ணாடித் தொழிற்சாலையின் குறிதான். எந்தப் பாட்டிலைக் கொடுத்தாலும் என் கை முதலில் அடியைத்தான் திருப்புகிறது.

இந்த நோட்டை அப்படியே அவரிடம் காட்டப்போவதில்லை. சாப்பாட்டை மட்டும் ஒரு தாளில் பெயர்த்து எழுதிக் கொடுத்துவிடலாம்.

வேலை முடிந்து வெளியே வரும்போது வாசலில் குருவி, முன்பு என்னோடு உட்கார்ந்தவள். தலையில் துணி கட்டியிருந்தாள், கையில் தோல் உறை. என்னைப் பார்க்காதவள் போலப் போனாள். ஜனவரியிலிருந்து இப்படித்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது.

மார்ச் 6, வியாழன்

வலி: நாள் முழுக்க.

இவர் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். மூன்று நாற்காலி. அதில் உட்காருகிறவர்கள் எல்லோரும் வைத்தியர்கள். வீட்டுக்காரிக்கு வயிறு சரியில்லை என்று ஒருவரிடம் சொல்லிவிட்டாராம், போதாதா? தினமும் ஒரு வைத்தியத்தோடு வருகிறார். செவ்வாய்க்கிழமை இஞ்சி. நேற்று வெறும் வயிற்றில் வெந்நீர். இன்று குளிர்ந்த பால்.

"ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் சொன்னாரு. குடிச்சா நெருப்புல தண்ணி ஊத்தின மாதிரி இருக்குமாம்."

குடித்தேன். அப்படித்தான் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து முன்னைவிட அதிகமாக எரிந்தது. அவரிடம் சொல்லவில்லை. அவர் முகம் அவ்வளவு ஆசையாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன்.

எனக்கு இப்போதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்வது சுலபமாக வருகிறது.

மார்ச் 9, ஞாயிறு

விடுமுறை. இவர் கடைக்குப் போய்விட்டார். உட்கார்ந்து இதை எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். எழுதினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது.

என் வேலை பார்ப்பது. அவ்வளவுதான். உலையில் வார்த்து ஆறிய பாட்டில்கள் சங்கிலிப் பட்டையில் வரிசையாக நகர்ந்து வரும். அவற்றுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு வெளிச்சப் பலகை. முன்னால் ஒரு நாற்காலி. குமிழி, கல், மயிர்க்கீறல், வாயில் சில்லு – எது கண்ணில் பட்டாலும் அந்தப் பாட்டிலை எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போட வேண்டும். அரை மணிக்கு மேல் பார்த்தால் கண் பூத்துப்போகும். அதனால் இரண்டு பேர் மாறி மாறி. ஒருத்தி பார்க்கும்போது மற்றவள் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவாள். நாலு வருஷமாக நானும் குருவியும். அது அவள் பெயர் இல்லை. வாய் ஓயாது, கீச்சுக் கீச்சென்று பேசிக்கொண்டே இருப்பாள் என்று யாரோ வைத்தது. என்னைவிட ஏழு வயது சின்னவள். அக்கா, அக்கா என்று எல்லாவற்றையும் என்னிடம் கொட்டுவாள்.

ஜனவரியில் மருந்துக் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. குழந்தைகளுக்கான இருமல் மருந்து. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் மூடியைத் திறந்திருக்கிறாள். பாட்டில் வாயின் உள்விளிம்பில் சில்லு பெயர்ந்து, கண்ணாடித் துணுக்கு மருந்துக்குள் கிடந்திருக்கிறது. அவள் பார்த்துவிட்டாள். குழந்தைக்குக் கொடுக்கவில்லை.

பெட்டிச் சீட்டில் தேதியும் நேரமும் இருந்தன. பதினொன்றிலிருந்து பதினொன்றரை. முறைப் புத்தகத்தில் அந்த அரை மணிக்கு எதிரே குருவியின் கையெழுத்து.

ஆனால் அன்று மாற்றிக்கொண்டோம். பத்தரை என் முறை. தலை வெடிக்கிற மாதிரி வலித்தது. "நான் பாக்கறேன், நீங்க முகத்தக் கழுவிட்டு வாங்கக்கா" என்றாள். பதினொன்றுக்கு அவள் எழுந்தாள், நான் உட்கார்ந்தேன். காலையிலேயே நாள் முழுக்கவும் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்த புத்தகத்தைத் திருத்தவில்லை. எப்போதுமே திருத்தியதில்லை.

சூப்பர்வைசர் இருவரையும் கூப்பிட்டார். அன்றைக்கு மாற்றிக்கொண்டோம், அது அக்கா உட்கார்ந்த நேரம் என்று குருவி சொன்னாள். குற்றம் சொல்லும் குரல்கூட இல்லை. இயல்பாகச் சொன்னாள், நான் ஆமாம் என்பேன் என்று நினைத்து. அவர் என்னைப் பார்த்தார்.

"ஞாபகமில்ல சார்" என்றேன்.

அவ்வளவுதான். அவள்தான் பார்த்தாள் என்று நான் சொல்லவில்லை. ஞாபகமில்லை என்று மட்டும்தான்.

குருவியை உடைசல் முற்றத்துக்கு அனுப்பினார்கள். கழித்த பாட்டில்களை உடைத்து, நிறம் பிரித்து, மறுபடி உலைக்கு அள்ளும் இடம். கூரை பாதிதான். என் பக்கத்து நாற்காலிக்கு வேறு ஒருத்தி வந்தாள். பேசமாட்டாள். வசதியாக இருக்கிறது.

மார்ச் 12, புதன்

டாக்டருக்கான தாளில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அவர் சாப்பாட்டைத்தானே கேட்டார்.

தலைவலி மாத்திரை. காலை வெறும் வயிற்றில் இரண்டு. பத்து மணிக்கு ஒன்று. மதியம் ஒன்று. சில நாள் சாயங்காலமும் ஒன்று. தலைவலி ஆரம்பித்து ஒன்றரை வருஷம் இருக்கும். முதலில் வாரத்துக்கு ஒன்று. ஜனவரிக்குப் பிறகு தினமும் நாலு.

விழுங்கினால் தலைவலி மட்டுமா போகிறது? எல்லாமே கொஞ்சம் தள்ளிப் போய்விடுகிறது. பஞ்சு சுற்றின மாதிரி.

மார்ச் 13, வியாழன்

மலம் கறுப்பாக, தார் மாதிரி. இரண்டு நாளாக. என்ன சாப்பிட்டேன் என்று யோசித்தேன். கறுப்பாக எதுவும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

வெள்ளிக்கிழமை விழுந்துவிட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்தேன், அவ்வளவுதான் தெரியும். கண் விழித்தபோது முதலுதவி அறை. அங்கிருக்கும் நர்ஸ் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, இது வெறும் மயக்கம் இல்லை, உள்ளே எங்கோ ரத்தம் போகிறது என்றாள். மலம் எப்படிப் போகிறது என்று கேட்டாள். சொன்னேன். உடனே வண்டிக்குச் சொல்லிவிட்டாள்.

இவர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது தோளில் கடைத் துண்டு, அதில் யாருடைய முடியோ. பாதி வெட்டின தலையோடு ஒருவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்தாராம். ஹெட்மாஸ்டர்தான் அது. பால் குடிக்கச் சொன்னதற்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை. வர வேண்டிய இடம் என்று மட்டும் தெரிந்தது.

ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் காலை எண்டோஸ்கோபி. தொண்டையில் ஏதோ பீய்ச்சினார்கள், மரத்துப் போயிற்று. இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி, பல்லுக்கு நடுவே ஒரு வளையத்தை வைத்து, அதன் வழியாகக் கறுப்புக் குழாயை விட்டார்கள். குமட்டிக்கொண்டு கண்ணில் தண்ணீராகக் கொட்டியது. "அழாதீங்கம்மா, மூச்சு மட்டும் விடுங்க" என்று ஒருத்தி முதுகைத் தடவினாள். நான் அழவில்லை. ஆனால் அவள் கையை எடுத்துவிடக் கூடாது என்று இருந்தது.

டாக்டரம்மா திரையில் படத்தைக் காட்டினார். சின்னப் பெண்தான், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. ஈரமாக, சிவந்து, தடித்து, அங்கங்கே ஊசி குத்தின மாதிரிப் புள்ளிகள். இரண்டு மூன்று இடத்தில் தோல் உரிந்தது போல் இருந்தது.

"இதுதான் உங்க இரைப்பை. உள்சுவர் முழுக்க வீங்கிச் செவந்து போயிருக்கு. அங்கங்க ரத்தம் கசிஞ்சிருக்கு. வலி மாத்திரை ஏதாவது போடுவீங்களா?"

"எப்பவாவது."

"எப்பவாவதுன்னா?"

இவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தினமும் நாலு என்றேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைப் பழக்கம். இது பாட்டிலாக இருந்தால் தொட்டியில் போட்டிருப்பேன். போட்டிருப்பேனா? கண்ணில் பட்டிருந்தால்.

டாக்டரம்மா திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். வயிற்றுக்குள் சுரக்கும் அமிலம் இறைச்சியையே கரைக்கும். அது வயிற்றையே கரைத்துவிடாமல் இருக்க உள்ளே வழவழவென்று ஒரு பூச்சு ஊறிக்கொண்டே இருக்கும். நான் போட்ட மாத்திரை வலியை அடக்கும்போதே அந்தப் பூச்சையும் ஊற விடாமல் செய்துவிடுகிறது. ஒன்றரை வருஷமாக, அதுவும் ஜனவரியிலிருந்து வெறும் வயிற்றில் நாலு நாலாக.

"வலி தெரியாம இருக்கத்தானே போட்டீங்க? அதனாலதான் இவ்வளவு நாள் இது தெரியாமலே போச்சு."

கவலையால் வருமா என்று கேட்டார் இவர். கவலை மட்டுமே இப்படிப் புண்ணாக்காது, கவலையில் சாப்பிடாமல் டீயும் மாத்திரையுமாக ஓட்டினால் ஆகும் என்றார் டாக்டரம்மா. அப்புறம் என்னைப் பார்த்து, "ஏதாவது கவலை இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

மார்ச் 24, திங்கள்

எண்டோஸ்கோபியின்போது வயிற்றிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்கின் சோதனை முடிவு வந்துவிட்டது. கிருமியும் இருக்கிறதாம். எத்தனையோ பேருக்கு வயிற்றில் இருக்கும், பெரும்பாலானவர்களுக்குத் தெரியாமலே இருந்துவிட்டுப் போகும் என்றார் டாக்டரம்மா. என் வயிற்றில் கிருமி ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம்.

நாளையிலிருந்து பதினாலு நாள். கிருமிக்கு இரண்டு வகை மாத்திரை. அமிலத்தைக் குறைக்க ஒன்று, காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். நடுவில் ஒரு வேளைகூட விடக்கூடாது, விட்டால் கிருமி பழகிக்கொள்ளும். ரத்தத்துக்கு இரும்பு மாத்திரை. அது மலத்தைக் கறுப்பாக்கும், பயப்பட வேண்டாம், ஆனால் தார் மாதிரிப் பிசுபிசுத்தால் உடனே ஓடி வர வேண்டும் என்றார். தலைவலி மாத்திரை இனி வாழ்நாளில் கிடையாது. தாங்கவே முடியாவிட்டால் காய்ச்சலுக்குப் போடும் சாதாரண மாத்திரை, அதுவும் அளவோடு.

என்ன சாப்பிடலாம் என்று இவர் நீளமாகக் கேட்டார். கடைக்கு வருகிறவர்கள் சொன்ன பட்டியல் முழுக்க வாசித்தார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, எது சாப்பிட்டால் எரிகிறதோ அதை விட்டால் போதும், கொஞ்சம் கொஞ்சமாக நேரத்துக்குச் சாப்பிடுவதுதான் முக்கியம் என்றார். டீயைக் குறைக்க வேண்டும். வெறும் வயிற்றில் கூடவே கூடாது.

இவர் முகம் தொங்கிவிட்டது. அவ்வளவு வைத்தியமும் வீண்.

மார்ச் 28, வெள்ளி

வாயில் துருப்பிடித்த ஆணியைப் போட்டுக்கொண்ட மாதிரி ஒரு கசப்பு. தண்ணீர்கூட அப்படித்தான் இருக்கிறது. மாத்திரையின் குணமாம்.

இவர் காரமில்லாமல், எண்ணெயில்லாமல் குழைந்த சோறும் வேகவைத்த காயும் செய்கிறார். அவருக்கும் அதையே போட்டுக்கொள்கிறார். நீங்கள் ஏன் என்றேன். "ரெண்டு அடுப்பு பத்த வைக்க எனக்கென்ன பைத்தியமா?" என்றார். எதிரெதிரே உட்கார்ந்து வெள்ளையாக ஒரு தட்டு, வெள்ளையாக ஒரு தட்டு. அவர் என் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் எளிதாக இருக்கும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வேலைக்குத் திரும்பினேன். பேசாதவள் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தாள். ஒன்பதரைக்குத் தலைவலி ஆரம்பித்தது. பதினொன்றுக்குக் கண்ணுக்குப் பின்னால் யாரோ திருகுகிற மாதிரி. கைப்பையில் மாத்திரை இல்லை. இவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். பையின் அடித் தையலைக்கூடப் பிரித்துப் பார்த்தேன்.

வயிறு பரவாயில்லை. காலை வலி பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

இத்தனை நாள் மாத்திரை மறைத்திருந்தது இது. பாட்டில்கள் வருகின்றன, விளிம்பெல்லாம் இரட்டையாக, புகையாகத் தெரிகிறது. கழுத்தைப் பின்னுக்கு இழுத்துப் பார்க்கிறேன், கொஞ்சம் தெளிகிறது. முன்னால் வந்தால் கலங்குகிறது. இன்று எத்தனை பாட்டில் விட்டேனோ தெரியாது. எல்லாம் மருந்துப் பாட்டில்.

ஏப்ரல் 5, சனி

டாக்டரம்மாவிடம் போனேன். தலைவலி எப்போது வருகிறது என்றார். வேலையில். ஞாயிற்றுக்கிழமை? யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. வேலை என்ன? சொன்னேன். வயது? நாற்பத்தி நாலு.

"கண்ணு எப்ப டெஸ்ட் பண்ணீங்க?"

போன வருஷம், தொழிற்சாலையில், எல்லாம் சரியாக இருந்தது என்றேன். அவர் கையிலிருந்த மருந்துச் சீட்டை என் பக்கம் நகர்த்தி, "இத வாசிங்க" என்றார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. அவர் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சீட்டின் பின்னால் கண் டாக்டரின் பெயரை எழுதினார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

போன வருஷத்துச் சோதனையில் நான் எழுத்துகளைப் பார்க்கவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர். கையில் பிடித்து வாசிக்கும் அட்டையின் கடைசி வரியை ஒவ்வொருத்தியும் சத்தமாக வாசித்தாள். ஒன்பது தடவை கேட்டால் யாருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். என் முறை வந்தபோது ஒப்பித்தேன். அருமையான கண் என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

கண் போனால் நாற்காலி போய்விடும் என்று பயம். முற்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று. அந்த முற்றத்துக்குத்தான் அவளை அனுப்பினேன்.

எழுதிவிட்டேன். இப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. இல்லை, ஒன்று தோன்றுகிறது. அந்த நர்ஸ் மூடியைத் திறந்த அன்று அவளுக்குத் தலைவலி இருந்திருந்தால்?

ஏப்ரல் 7, திங்கள்

பதினாலு நாள் முடிந்தது; இனி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை மட்டும், இன்னும் ஒரு மாதம். ஒரு வேளைகூட விடவில்லை. வாய்க்கசப்பு இன்னும் போகவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

கண்ணாடி வந்துவிட்டது. கண்ணாடித் தொழிற்சாலைக்காரிக்கே கண்ணாடியா என்று இவர் கடை முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

போட்டுக்கொண்டு முதலில் இந்த நோட்டைப் பார்த்தேன். வரியெல்லாம் கோணல். சில இடத்தில் ஒரு வார்த்தை மேல் இன்னொரு வார்த்தை எழுதியிருக்கிறேன். பிறகு இவரைப் பார்த்தேன். புருவத்தில் நரை. கன்னம் ஒட்டியிருக்கிறது. நான் மெலிந்ததைத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண், அட்டை, ஜனவரி, ஞாபகமில்ல சார். நடுவில் பேசவில்லை. வாய் ஓயாத மனுஷன். முடித்ததும், "நாளைக்கு நானும் வாசல் வரைக்கும் வரவா?" என்றார்.

வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மாத்திரை, அரை மணி கழித்து இரண்டு ரொட்டி. வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று உட்கார்ந்து மென்றேன்.

வேலை தொடங்குமுன் சூப்பர்வைசர் அறைக்குப் போனேன். ஞாபகம் இருக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஜனவரி, பதினொன்றிலிருந்து பதினொன்றரை, நான்தான் உட்கார்ந்திருந்தேன், கண் தெரியவில்லை, சோதனையில் ஒப்பித்தேன் என்று வரிசையாகச் சொன்னேன். என் குரல் யாரோ வாசிப்பது மாதிரி இருந்தது.

"மூணு மாசம் கழிச்சு வந்து சொல்றீங்க."

"ஆமா சார்."

ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். எழுதினேன். வாங்கிப் படித்தார். அப்புறம் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, களைப்பாகச் சொன்னார்:

"கண்ணாடி போட்டுக்கிட்டே பாக்கலாமேம்மா. ரெண்டாவது வரிசைல பாதிப் பேரு அப்படித்தான் பாக்குறாங்க. நீங்க ஒருத்தர்கிட்ட கேட்டிருக்கலாமே."

ரெண்டாவது வரிசை எனக்கு முதுகுப் பக்கம். திரும்பிப் பார்த்ததே இல்லை.

விசாரணை முடியும்வரை வெளிச்சப் பலகைக்குப் போகக் கூடாது. ஏப்ரலில் நான் பார்த்த பெட்டிகளை வெளியே விடாமல் மறுபடி பார்ப்பார்கள். பெட்டி ஒட்டும் பிரிவுக்கு அனுப்பினார்.

அங்கே போகாமல் முற்றத்துக்குப் போனேன். வேறு யார் வாயிலிருந்தும் அவள் கேட்கக் கூடாது. குருவி நீலக் கண்ணாடியை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தாள். கை உறைக்கு மேலே, முழங்கை வரை கீறல்கள். புதுசும் பழசும். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. சத்தத்துக்கு மேலே நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிட்டேன்னு – சூப்பர்வைசர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டேன்னு – கண்ணு தெரியலன்னு –

மண்வெட்டியை ஊன்றி நின்றாள்.

"உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். கண்ணு தெரியலன்னுதான் தெரியாது." கையுறையின் பின்பக்கத்தால் முகத்தைத் துடைத்தாள். "சொல்லியிருந்தா ரெண்டு முறையும் நானே பாத்திருப்பேன்."

மறுபடி அள்ள ஆரம்பித்தாள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் நிமிரவில்லை. பெட்டிப் பிரிவுக்குப் போய்விட்டேன்.

அழுதுகொண்டே பெட்டி மடித்தேன். பசை விரலெல்லாம் ஒட்டியது. ஐயோ, என்னடி பண்ணிட்ட, என்னடி பண்ணிட்ட – இதையே சொல்லிக்கொண்டிருந்தேன், மனசுக்குள் என்று நினைத்தேன். எதிரே இருந்தவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ஏப்ரல் 12, சனி

வயிறு எரிகிறது. அழுததால் இல்லை, நேற்று மதியம் சாப்பிடாததால். இதுவும் இப்போது தெரிகிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

விசாரணை முடிந்தது. எனக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு, ஒரு வருஷத்துக்கு வெளிச்சப் பலகை கிடையாது. திரும்பப் பார்த்த பெட்டிகளில் பதினொரு பாட்டில் கழிந்ததாம். பதினொன்று. குருவியை நாளையிலிருந்து பழைய இடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்டார்களா என்று தெரியவில்லை. முறைப் புத்தகத்தில் இனிமேல் உட்காரும்போதே கையெழுத்துப் போட வேண்டும்.

மே 8, வியாழன்

இன்றோடு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் நிறுத்தம். இரண்டு வாரம் அது இல்லாமல் இருந்த பிறகுதான் கிருமி போய்விட்டதா என்று சோதிக்க முடியுமாம். எரியலாம், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

மே 11, ஞாயிறு

எரிகிறது. இவரிடம் சொன்னேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. எரிகிறது என்றேன். தலையணையை உயர்த்தி வைத்தார், சோற்றை இன்னும் குழைய வைத்தார். ஹெட்மாஸ்டர் வாழைப்பழம் சொன்னாராம். பயந்து பயந்து சொன்னார். சாப்பிட்டுப் பார்த்தேன். எரியவில்லை.

மே 16, வெள்ளி

குருவி இருக்கும் வரிசை வழியாகத்தான் கழிவறைக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை. பேசுவதில்லை. அவளுடைய புதுக் கூட்டாளியிடம் பேசிக்கொண்டே இருக்கிறாள், அந்தப் பேசாதவள்தான். பேசாதவள் இன்று சிரித்தாள்.

மே 22, வியாழன்

ஒரு திரவத்தைக் குடிக்கக் கொடுத்து, அரை மணி கழித்து ஒரு பையில் ஊதச் சொன்னார்கள். அவ்வளவுதான். ஊதினேன். மூச்சுக்குள்கூட எல்லாம் தெரிந்துவிடுமாம்.

மே 27, செவ்வாய்

கிருமி இல்லை. ரத்தமும் ஏறியிருக்கிறது. உள்பூச்சு மெல்ல மெல்லத் திரும்ப ஊறும், அவசரப்படுத்த முடியாது, மறுபடி கெடுக்காமல் இருந்தால் போதும் என்றார் டாக்டரம்மா. கவலை இருக்கிறதா என்று மறுபடி கேட்டார்.

இருக்கிறது என்றேன். நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். பத்து நிமிஷம் சொன்னேன்.

ஜூன் 3, செவ்வாய்

பத்து மணி இருக்கும். குருவி கையில் ஒரு பெட்டியோடு எங்கள் பிரிவுக்குள் வந்தாள். நேராக என் மேஜைக்கு. பெட்டியைக் கவிழ்த்து வைத்து அடியை விரலால் நெம்பினாள். ஒரு பக்கம் திறந்துகொண்டது.

"அடி ஒட்டவே இல்ல. இப்படி விட்டா எல்லாம் கீழ கொட்டும். நல்லா அழுத்திப் பாத்து அனுப்புங்க."

முகத்தில் கோபம் இருந்தது. ஏப்ரலுக்குப் பிறகு என்னிடம் பேசியது இதுதான். சரி என்றேன். அவள் போகவில்லை. பசையை இழுத்துத் தானே இரண்டு ஓரமும் தடவி, உள்ளங்கையால் பத்து எண்ணும்வரை அழுத்திக் காட்டினாள். நான் அவள் கையைப் பார்த்தேன். கீறல்களெல்லாம் ஆறி வெள்ளைக் கோடுகளாகியிருந்தன. பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

மீதி நேரம் ஒவ்வொரு பெட்டியையும் கவிழ்த்து, பத்து எண்ணி அழுத்தினேன். வேலை மெதுவாகத்தான் நடந்தது.

பன்னிரண்டரைக்குப் பசித்தது. போய்ச் சாப்பிட்டேன்.